லண்டனை விட்டு ஊர் திரும்புமுன்: பார்க்க வேண்டியவையும் பார்க்கும் கிரமமும்

லண்டனில் சில ஆண்டுகள் உத்தியோகம் பார்த்துக் குடும்பமும் நடத்தியவர்கள், ஊர் திரும்பும் தேதி நிச்சயமானதும், இன்னும் அதைப் பார்க்கவில்லையே, இதைப் பார்க்கவில்லையே என்று கணக்கெடுக்கத் தொடங்குவது சகஜம். ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு டவர் பிரிட்ஜுக்கும் பக்கிங்ஹாம் அரண்மனை வாசலுக்கும் பலமுறை போய்வந்திருப்பார்கள். ஆனால் தங்களுக்கென்று ஒரு நாளை ஒதுக்கிக்கொண்டு, அவசரமின்றி, தாம் வாழ்ந்த தேசத்தைச் சுற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். அலுவலகம், பள்ளிக்கூடம், வாரச் சாமான் என்று சனி ஞாயிறுகள் கரைந்துபோவதே அதற்குக் காரணம். மிஞ்சியிருக்கும் சில மாதங்களை எவ்விதம் பங்கிட்டுக்கொள்வது என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

இதற்கு ஆதாரமான விதி ஒன்றுதான். பிற்காலத்தில் பத்து நாள் விடுமுறையில் வந்தாலும் சுலபமாகப் பார்த்துவிடக்கூடியவற்றைப் பட்டியலின் அடியில் வையுங்கள். இங்கே குடியிருக்கும்போது மட்டும் கைக்கு எட்டுகிறவற்றை மேலே வையுங்கள். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முதல் வேலை: தேதிகளை வரிசைப்படுத்துதல்

1. ஒரு தாளின் அடியில் விமானம் ஏறும் தேதியை எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வாரம் வாரமாகக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வாரங்களை அடித்துவிடுங்கள்; அவை வங்கிக்கும் வீட்டுக்காரருக்கும் சாமான்காரர்களுக்கும் உரியவை.

2. கப்பலில் சாமான் ஏற்றும் நாள், காரை விற்கும் நாள் ஆகிய இரண்டையும் குறியுங்கள். தூரப் பிரயாணங்கள் எல்லாம் இவ்விரண்டுக்கும் முன்னால் முடிந்துவிட வேண்டும். மழைச் சட்டையும் நடைக்கான பூட்ஸும் பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறிவிட்ட பிறகு, மலைப் பிரதேசத்துக்குப் போகக் கிளம்புவதில் பிரயோஜனம் இல்லை.

3. குழந்தைகள் இருந்தால் பள்ளியின் விடுமுறைத் தேதிகளைச் சேருங்கள். பள்ளி நடக்கும் நாட்களில் அனுமதியின்றிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனால் பெற்றோருக்கு அபராதம் விதிக்கப்படலாம். பருவத்தின் நடுவே வரும் ஒரு வார விடுமுறையே உங்களுக்கு வாய்த்த நல்ல சந்தர்ப்பம்.

4. முன்பதிவு இன்றிப் பார்க்க முடியாதவற்றுக்கு உடனே எழுதிவிடுங்கள். அவை எவை என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன்.

5. பருவத்துக்குக் கட்டுப்பட்டவற்றை அந்தந்த வாரத்தில் பொருத்துங்கள்.

6. எஞ்சிய கட்டங்களில், மழை பெய்தாலும் கெடாத மியூசியம் முதலியவற்றை இடுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு இருக்கட்டும்.

*குறிப்பு:* குளிர்காலத்தில் புறப்படுபவர்கள் பகல் வெளிச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் லண்டனில் எட்டு மணிக்குத்தான் விடிகிறது. நான்கு மணிக்கு முன்பே அஸ்தமித்துவிடுகிறது. ஜூன் மாதத்திலோ பதினாறரை மணி நேரம் பகல். ஆகவே வெளியிடங்களைக் கோடையிலும் கூரையுள்ள இடங்களைக் குளிர்காலத்திலும் வைத்துக்கொள்வது உசிதம்.

குடியிருப்போருக்கு மட்டும் கிடைப்பவை

நாடாளுமன்றத்தில் புதன்கிழமை நண்பகலில் பிரதம மந்திரி கேள்விகளுக்கு விடையளிக்கும் நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதை மேல்மாடத்தில் அமர்ந்து நேரில் பார்ப்பதற்கான இலவச அனுமதிச் சீட்டை, இந்த நாட்டில் குடியிருப்பவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினர் மூலம் கேட்டுப் பெறலாம். வெளிநாட்டிலிருந்து வரும் பிரயாணிகளோ, இடம் மிச்சமிருந்தால்தான் உள்ளே போக முடியும். நாடாளுமன்றக் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டும் இலவச ஏற்பாட்டையும் அதே உறுப்பினரின் அலுவலகத்தில் கேட்கலாம். இந்தியப் பிரஜைகளுக்கு இங்குள்ள காமன்வெல்த் உரிமையால் தேர்தலில் வாக்கே இருக்கிறது. ஆதலால் தொகுதி உறுப்பினருக்கு எழுதக் கூச்சப்பட வேண்டியதில்லை.

செய்யும் முறை: உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொண்டு உறுப்பினரின் பெயரைக் கண்டுபிடியுங்கள், முழு முகவரியுடன் சுருக்கமான கடிதம் எழுதுங்கள், ஒன்றுக்கு மூன்றாகத் தேதிகளைக் கொடுங்கள். ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் வரையில் சபைக்கு நீண்ட விடுமுறை உண்டாகையால் அந்த நாட்களைத் தவிருங்கள். சீட்டுகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

லண்டன் கோபுரத்தில் இரவுதோறும் நடக்கும் சாவிச் சடங்கும் இவ்வகையைச் சேர்ந்ததே. இரவு 9 மணி 53 நிமிஷத்துக்குத் தலைமைக் காவலர் விளக்கும் சாவிக்கொத்துமாகப் புறப்பட்டு வாயில்களைப் பூட்டிவருவார். காவல் நிற்கும் சிப்பாய் அவரை மறித்து, வருவது யார் என்று கேட்பான். பல நூற்றாண்டுகளாக விடாது நடக்கும் இந்தச் சடங்குக்கு வெகு முன்பே சீட்டு வாங்கியாக வேண்டும். பத்து நாள் பிரயாணியின் நாட்களுக்குள் அது அகப்படுவது அருமை.

வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கும் செயின்ட் பால் தேவாலயத்துக்கும் பகலில் கட்டணம் அதிகம். மாலை வழிபாட்டுக்கு வருவோரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அது வழிபாடு என்பதை மறவாதீர்கள்: படம் எடுப்பதும் நடுவில் எழுந்து சுற்றிப் பார்ப்பதும் கூடாது. பாடகர் குழுவின் குரல் அந்தக் கல் வளைவுகளில் எழுந்து பரவுவதைக் கேட்க வேறு நல்ல வழி இல்லை.

பருவத்துக்குக் கட்டுப்பட்டவை

ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை காட்டுத் தரையெங்கும் நீலமணிப் பூக்கள் மலர்கின்றன. கியூ தோட்டத்திலேயே ஒரு பகுதியில் அவற்றைப் பார்க்கலாம். அங்கே போனால் பாம் ஹவுஸ் என்னும் கண்ணாடி மாளிகையில், 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டு இன்றும் தொட்டியில் வளரும் சைகட் வகைத் தாவரத்தையும் தேடிப் பாருங்கள். ஜூலை நடுப்பகுதி முதல் செப்டம்பர் வரை ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடக்கும் புரோம்ஸ் சங்கீத விழாவில், நின்றுகொண்டு கேட்பவர்களுக்கு அன்றன்றைக்கே மலிவான சீட்டு உண்டு. செப்டம்பரில், சாதாரணமாகப் பொதுமக்களுக்கு அடைத்திருக்கும் அநேகக் கட்டிடங்களை இலவசமாகத் திறந்துவிடும் ஓப்பன் ஹவுஸ் விழா. சில கட்டிடங்களுக்குக் குலுக்கல் உண்டு. அக்டோபரில் ரிச்மண்ட் பூங்காவில் கலைமான்கள் ஒன்றோடொன்று பொருதும் பருவம். அதிகாலையில் பனிமூட்டத்தினூடே அவற்றின் உறுமல் வெகு தூரம் கேட்கும்.

ஒரு நாள் நடை: ஹைகேட்

லண்டனுக்குள் ஒரே ஒரு நாள் நடைதான் சாத்தியம் என்றால், என் தேர்வு இதுவே.

1. காலையில் நார்தர்ன் லைனில் ஆர்ச்வே நிலையத்தில் இறங்கி, ஆர்ச்வே சாலையில் ஏறிச் சென்று முருகன் கோயிலில் தரிசனம் செய்துகொள்ளுங்கள். நண்பகலில் நடை சாத்திவிடக்கூடுமாதலால் இதை முதலில் வைத்தேன்.

2. அங்கிருந்து சிறு நடையில் குரோம்வெல் அவென்யு. அதன் 65ஆம் எண் வீடுதான் 1905இல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா தொடங்கிய இந்தியா ஹவுஸ் என்னும் இந்திய மாணவர் விடுதி. பாரிஸ்டர் படிப்புக்காக வந்த வ. வே. சு. ஐயர் சாவர்க்கருடன் பழகிப் புரட்சிக்காரரானது இந்த வீட்டு வட்டாரத்தில்தான். வீட்டுச் சுவரில் சாவர்க்கரின் பெயர் தாங்கிய வட்டப் பலகை இருக்கிறது. ஐயரின் பெயரை அங்கே தேட வேண்டாம். இப்போது குடித்தனக்காரர்கள் வசிக்கும் வீடு ஆகையால், எதிர் நடைபாதையில் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதே மரியாதை.

3. ஹைகேட் குன்றின் வழியாக வாட்டர்லோ பூங்காவுக்குள் நுழைந்து, மறுபுறம் ஸ்வைன்ஸ் லேனில் இறங்கினால் ஹைகேட் மயானம். கட்டணம் உண்டு. கிழக்குப் பகுதியில் கார்ல் மார்க்ஸின் சமாதி; அதன்மேல் இருக்கும் பெரிய தலைச் சிலை 1956இல் வைக்கப்பட்டது. மேற்குப் பகுதி பழமையானது. கொடிகள் மூடிய கல்லறைகளும் எகிப்தியப் பாணி வாயிலும் உள்ளன. நேரம் இருந்தால் இரண்டையும் பாருங்கள்.

4. பகல் உணவைக் கையில் கொண்டுபோங்கள். ஹாம்ப்ஸ்டெட் ஹீத் வெளியில் பார்லிமென்ட் ஹில் உச்சியில் அமர்ந்து சாப்பிடலாம். அங்கிருந்து செயின்ட் பால் தேவாலயத்தின் கும்மட்டம் தெரிவதை மறைக்கும்படி இடையில் உயரக் கட்டிடம் எழுப்பக் கூடாது என்று நகரத் திட்ட விதியே இருக்கிறது. நீங்கள் வாழ்ந்த நகரம் முழுவதும் அங்கே விரிந்து கிடக்கும். உங்கள் அலுவலகம் எது, வீட்டுத் திசை எது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

5. வடக்கே நடந்தால் கென்வுட் மாளிகை. உள்ளே போகக் கட்டணம் இல்லை. முதிய வயதில் ரெம்பிராண்ட் தம்மையே வரைந்துகொண்ட ஓவியமும், வெர்மீரின் கிடார் வாசிக்கும் பெண்ணும் அங்கே இருக்கின்றன. நகரத்து நடுவிலுள்ள பெரிய கூடங்களின் நெரிசல் இல்லாமல், எதிரே நின்று பார்க்கலாம்.

*சாமானியமான தவறு:* ஹீத் வெளிக்கு மாலையில் போய் இருட்டிவிடுவது. அங்கே விளக்குகள் குறைவு, பாதைகள் பல. அஸ்தமனத்துக்கு ஒரு மணி முன்பே வெளியேறிவிடுங்கள்.

கிரீனிச்சில் ஒரு மணி அடிக்கும்போது

கிரீனிச்சுக்குப் போகிறவர்கள் தரையில் பதித்த தீர்க்கரேகையின் இருபுறமும் கால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது கூரைமேல் இருக்கிறது. வானாராய்ச்சி நிலையத்தின் கிழக்குக் கோபுரத்து உச்சியில், ஒரு கம்பத்தில் செந்நிறப் பந்து ஒன்று கோர்க்கப்பட்டிருக்கும். 12 மணி 55 நிமிஷத்துக்கு அது கம்பத்தின் பாதி உயரம் ஏறி நிற்கும். 58ஆம் நிமிஷத்தில் உச்சிக்குப் போகும். சரியாக ஒரு மணிக்கு விழும். தேம்ஸ் நதியில் நங்கூரமிட்டிருந்த மாலுமிகள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்வதற்காக 1833இல் தொடங்கிய ஏற்பாடு இது. கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் பாய்விரித்த கப்பல்களும் நடுக்கடலில் தாம் இருக்கும் தீர்க்கரேகையை அறிய, இத்தகைய பிழையற்ற கடிகாரத்தையே நம்பியிருந்தன. காற்று பலமாக அடிக்கும் நாட்களில் பந்தை ஏற்ற மாட்டார்கள்.

12 மணி 45 நிமிஷத்துக்குள் முற்றத்தில் அல்லது வெளியே புல்வெளிச் சரிவில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். போகும்போது படகில் போய், திரும்பும்போது 1902இல் திறந்த நடைச் சுரங்கத்தின் வழியாக நதிக்கு அடியில் நடந்து வடகரை சேருங்கள்.

மியூசியங்கள்

பிரிட்டிஷ் மியூசியம், விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம், தேசிய ஓவியக்கூடம் ஆகியவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் இரவு வரை திறந்திருக்கும். ஒரு முறைக்கு இரண்டு கூடங்களுக்கு மேல் பார்க்காதீர்கள். இலவசம் என்பதால் பலமுறை போகலாம் என்பதே இங்கே குடியிருப்பவர்களின் பெரிய பாக்கியம்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் அமராவதிச் சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். கிருஷ்ணா நதிக்கரைப் பௌத்த ஸ்தூபத்தைச் சேர்ந்த இச்சுண்ணக்கல் பலகைகளில் பெரும் பகுதியை 1845இல் வால்டர் எலியட் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தார். அவை 1859இல் கப்பலேறி லண்டன் போயின. அதே ஸ்தூபத்தின் வேறு பலகைகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இங்கே பார்த்த கண்ணோடு ஊர் சேர்ந்து எழும்பூரிலும் பார்த்தால்தான் அந்த ஸ்தூபத்தின் முழு அழகு மனத்தில் உருவாகும்.

ஐரோப்பியச் சிப்பாயின் மேல் பாயும் திப்பு சுல்தானின் மரப்புலி விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துக்குச் சொந்தம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது எடுத்து வரப்பட்டது. கூடங்களைப் புதுப்பிப்பதற்காக மூடுவதும் பொருள்களை இடம் மாற்றுவதும் அடிக்கடி நடப்பதால், எந்தப் பொருளுக்காகப் போகிறீர்களோ அது காட்சியில் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்

இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடப் பார்ப்பது பெருந்தவறு. இரு ஊர்களுக்கும் இடையே நேர் ரயில் இல்லை. இரண்டுக்கும் லண்டனிலிருந்து தனித்தனியே சுமார் ஒரு மணி நேரப் பிரயாணம். இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்குங்கள்.

ஆக்ஸ்போர்டுக்குப் பாடிங்டன் நிலையத்தில் ஏறுங்கள். கல்லூரிகளையும் பாட்லியன் நூலகத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். அவற்றைக் காலையில் முடித்துவிட்டு, பிற்பகலில் வால்டன் தெருவுக்கு நடந்து போங்கள். கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சிறு சந்து உள்ளே போகிறது. அதன் கோடியில் செயின்ட் செபல்கர்ஸ் மயானம். 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் இங்கேதான் அடக்கமானார். பத்தொன்பது வயதில் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரத்திலும் தஞ்சையிலும் உதகையிலும் உழைத்து, முதுமையில் ஆக்ஸ்போர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்து, 1908இல் மறைந்தவர் அவர். அவர் மதகுருவாகப் பணியாற்றிய பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெட்டும் அதே மயானத்தில் உறங்குகிறார்.

சமாதியில் 'தமிழ் மாணவன்' என்று பொறித்திருப்பதாக நம்மூரில் பரவலாகச் சொல்கிறார்கள். அந்தச் சொற்களைத் தேடிப் போகிறவர்கள் ஏமாற்றமடைவார்கள். கல்லில் உள்ளது வேறு: அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற அடைமொழியும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அந்தக் கல்லை நாட்டினார்கள் என்ற குறிப்பும். ஆங்கிலத்தில் பொறித்த அந்த வரிகளைக் குனிந்து நிதானமாகப் படியுங்கள். கனடாவின் ஒரு தீவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் இறந்த ஒருவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவருடைய சொந்தக் குடும்பமே கல்லில் எழுதி வைத்திருக்கிறது. அதைவிடப் பெரிய பட்டத்தை நாமாகக் கற்பித்துக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

*போகும்போது:* மழைக்குப் பின் புல் உயர்ந்து கற்கள் வழுக்கும். சாய்ந்த கற்களின் மேல் கை ஊன்றாதீர்கள், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். இருட்டுமுன் போய்வந்துவிடுங்கள்.

கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரிக்கு ராமானுஜன் 1914இல் வந்து சேர்ந்தார். 1918இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினரானார். 1919இல் நோயோடு ஊர் திரும்பினார். அக்கல்லூரியின் ரென் நூலகத்தில்தான், அவர் கடைசி ஆண்டில் எழுதிய கணிதத் தாள்கள் கேட்பாரற்றுக் கிடந்து, 1976இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற கணித அறிஞரின் கண்ணில் பட்டன. அந்தத் தாள்கள் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. ஆயினும் நியூட்டன் தம் கையால் திருத்தங்கள் குறித்த பிரின்சிபியா முதற்பதிப்பு முதலிய அரிய நூல்கள் அங்கே உள்ளன. பொதுமக்களுக்கு நூலகம் நாளில் ஓரிரு மணி நேரமே திறக்கும்; தேர்வுக் காலங்களில் கல்லூரி வாயில்களே மூடப்படுவதும் உண்டு. நூலகம் திறக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ரயில் ஏறுங்கள்.

தூரப் பிரயாணங்களும் ரயிலும்

மூன்று இடங்களைச் சிபாரிசு செய்கிறேன். முதலாவது ஸால்ஸ்பரி: வாட்டர்லூவிலிருந்து ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து பஸ்ஸில் ஸ்டோன்ஹெஞ்சைப் பார்த்துவிட்டு வந்து, 123 மீட்டர் உயரக் கோபுரமுள்ள தேவாலயத்தையும் அதில் வைத்திருக்கும் 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டாப் பிரதியையும் பாருங்கள். இரண்டாவது ஏரிப் பிரதேசம்: யூஸ்டனிலிருந்து ஆக்ஸன்ஹோமில் வண்டி மாறி விண்டர்மியர் போய், பஸ்ஸில் கிராஸ்மியர் சேர்ந்தால் கவி வேர்ட்ஸ்வொர்த் 1799 முதல் 1808 வரை வாழ்ந்த டவ் காட்டேஜ். மூன்றாவது எடின்பரோ, இதற்குப் பிரயாணமே பாதி இன்பம். கிங்ஸ் கிராஸிலிருந்து வடக்கே போகும்போது வண்டியின் வலப்புறம் ஜன்னல் ஓர இருக்கை கேட்டு வாங்குங்கள். டரம் தேவாலயம், நியூகாஸிலில் டைன் நதிப் பாலங்கள், அதன்பின் பெரிக் ஊரைச் சுற்றிக் கடற்கரை ஓரம் என்று எல்லாம் அந்தப் பக்கமே வருகின்றன.

ரயில் செலவைக் குறைக்கச் சில வழிகள்:

* முன்கூட்டிய சலுகைச் சீட்டுகள் ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்களுக்கு முன்பு விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் குறித்த வண்டியிலேயே ஏற வேண்டும்.
* இருவர் சேர்ந்து போவதற்கான ரயில் கார்டும், குடும்பத்துக்கான ரயில் கார்டும் பெரியவர்கள் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். ஓராண்டுக் கார்டை ஆறு மாதத்துக்காக வாங்குவதா என்று தயங்க வேண்டாம். எடின்பரோவுக்குக் குடும்பத்தோடு ஒரு முறை போனாலே போட்ட பணம் பெரும்பாலும் திரும்பிவிடும்.
* ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஈஸ்டர், கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் தண்டவாள வேலை நடப்பதால் ரயிலுக்குப் பதிலாக பஸ் விடுவார்கள். கிறிஸ்துமஸ் அன்று ரயிலே கிடையாது.

வாடகைக் கார் ஓட்ட நினைத்தால், இந்திய லைசென்ஸ் இங்கே குடியேறிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம்தான் செல்லும் என்பதை ஞாபகத்தில் வையுங்கள். ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் தனி விசா வேண்டியதில்லை. அயர்லாந்துக் குடியரசு வேறு தேசம், அதன் விசா விதிகள் வேறு.

உயிருக்குப் பாதுகாப்பு

இத்தேசத்தின் இயற்கை பார்வைக்குச் சாதுவானது. அதனாலேயே புதியவர்கள் அசட்டையாக இருந்து அபாயத்தில் சிக்குகிறார்கள். இந்தப் பகுதியை வீட்டில் எல்லோரும் படித்த பிறகே புறப்படுங்கள்.

சுண்ணாம்புக் குன்றுகள். தென்கரையில் செவன் ஸிஸ்டர்ஸ், பீச்சி ஹெட் என்னும் வெண்குன்றுகள் மிக அழகானவை. பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம். அவற்றின் அடிப்பாகத்தைக் கடல் அரித்துக்கொண்டே இருப்பதால், மேலே புல் மூடிய விளிம்பின் கீழ் பல இடங்களில் தாங்குவதற்கு ஒன்றும் இராது. முன்னறிவிப்பின்றி டன் கணக்கில் இடிந்து விழும். விளிம்பிலிருந்து ஐந்து மீட்டராவது உள்ளே நில்லுங்கள். படம் எடுக்கப் பின்னோக்கி நடப்பது ஒருபோதும் கூடாது. கீழே கடற்கரையிலும் குன்றின் அடியில் உட்காராதீர்கள்.

கடல் ஏற்றம். நார்தம்பர்லாந்தில் லிண்டிஸ்பார்ன் தீவுக்குப் போகும் சாலை நாள்தோறும் இருமுறை கடலுக்குள் மூழ்குகிறது. கடக்கத்தக்க நேரங்கள் அட்டவணையாக வெளியிடப்படுகின்றன, சாலை முகப்பிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்ணீர் சிறிதளவுதானே என்று காரை இறக்கி நடுவழியில் மாட்டிக்கொள்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. எந்தக் கரையோர நடைக்கும் அன்றைய ஏற்ற இறக்க நேரத்தைப் பார்க்காமல் இறங்க வேண்டாம்.

மலை. ஸ்னோடன் 1085 மீட்டர், பென் நெவிஸ் 1345 மீட்டர். நம் கொடைக்கானலின் உயரம்கூட இல்லையே என்று எண்ணிச் செருப்போடு ஏறத் தொடங்குவோர் உண்டு. மேலே ஒரு மணி நேரத்தில் மூடுபனியும் மழையும் சூழ்ந்து, கோடையிலும் உடம்பு விறைத்துப்போகும். மலைக்குரிய வானிலை அறிக்கையைப் பாருங்கள், மழை உடையும் டார்ச்சும் காகிதத்தில் அச்சிட்ட வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும் நேரத்தை முன்பே நிர்ணயம் செய்துகொள்ளுங்கள். விபத்து நேர்ந்தால் 999ஐ அழைத்து, முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். பேச முடியாவிட்டால் விசில்: நிமிஷத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடியும் ஊத வேண்டும்.

ஏரியும் நதியும். வெயில் நாளிலும் ஏரித் தண்ணீர் கடுங்குளிர். சட்டென்று குதித்தால் மூச்சு திணறி, நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்கலாம். தவறி விழுந்தால் கை கால்களை அடிக்காமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகே கரைக்கு வர முயலுங்கள்.

மான்கள். ரிச்மண்ட் பூங்காவில் ஐம்பது மீட்டர் தூரத்தில் நில்லுங்கள், இரண்டு மான்களுக்கு நடுவே போகாதீர்கள், தீனி கொடுக்காதீர்கள். உயர்ந்த புல்லில் நடந்துவிட்டு வந்தால், பிள்ளைகளின் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கடைசி இரண்டு வாரம்

இந்த நாட்களில் ரயிலேறி எங்கும் போக வேண்டாம். பிள்ளைகள் விளையாடிய பூங்கா, வாரந்தோறும் புத்தகம் எடுத்த நூலகம், காய்கறி வாங்கிய கடைத்தெரு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மாலையாக நடந்துபோய், தெரிந்தவர்களிடம் விடைபெற்றுக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகங்களைத் திருப்பிவிடுங்கள். நேஷனல் டிரஸ்ட் முதலிய சங்கங்களில் அங்கத்தினராக இருந்தால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் போகும் ஏற்பாட்டை இப்போதே ரத்து செய்யுங்கள்.

ஒரு மாதமே இருந்தால்

திடீரென்று உத்தரவு வந்து ஒரு மாதத்தில் புறப்பட நேர்ந்தவர்கள், தூர இடங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஹைகேட் நடை, கிரீனிச், ஆக்ஸ்போர்டு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்றுக்குத்தான் நாள் கிடைக்கும் என்றால் ஆக்ஸ்போர்டுக்குப் போங்கள். லண்டனுக்கு மறுபடி வரும் சந்தர்ப்பம் உத்தியோக நிமித்தமாகவோ பிள்ளைகளின் படிப்பு நிமித்தமாகவோ உங்களுக்கு வாய்க்கலாம். வால்டன் தெருச் சந்துக்குள் நுழைவதற்கென்று யாரும் பின்னால் விமானம் ஏறி வருவதில்லை.